இரண்டு வெள்ளை பட்டன்கள்

முறையக்காவைத் தங்கமானவள் என்று யாராவது சொன்னால், அவர்கள் அவளோடு ஒரு மாதம்கூட வேலை செய்ததில்லை என்று அர்த்தம். நான் பல வருடம் செய்தவள். அவள் தங்கமெல்லாம் இல்லை, ஊசி. குத்துவாள். ஆனால் அவள் இல்லாமல் எங்கள் கூடத்தில் எதுவும் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றிருக்காது. அவளுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரிச்சலோடு எழுதுவது சரியில்லை என்பார்கள். ஆறும்வரை காத்திருந்தால் நான் எழுதவே போவதில்லை.

எங்கள் தையல் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் கடை, நடுவில் பல் டாக்டர், உச்சியில் நாங்கள். படியேறும்போது முதலில் ரப்பர் வாசனை வரும், பிறகு பல் மருந்து, கடைசியில் சூடான ஈரத்துணி. ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டும் பள்ளிகளுக்குச் சீருடையும் தைத்தோம். முறையக்கா ஜன்னலோர மெஷினில் காலர் வைப்பாள். அவள் கணவருக்குக் கோடி மேசையில் இஸ்திரி வேலை. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். நான் காஜா எடுத்து பட்டன் தைப்பவள். கூடத்தில் இருந்த பட்டன் டப்பாக்கள் அத்தனையும் என் பொறுப்பு.

ஒரு காலத்தில் எங்களுக்கு முதலாளி ஒருவர் இருந்தார். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கை நீட்டியதில்லை, கத்தியதில்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்புவார். ஆனால் காலையில் அவர் உள்ளே நுழையும்போது எல்லாத் தலையும் ஒன்றாக நிமிரும். இன்றைக்கு முகம் எப்படி என்று பார்த்துக்கொள்வோம். அவர் சிரித்தால் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவோம். இல்லையென்றால் அணைத்துவிட்டுக் குனிந்துகொள்வோம். வயதானதும் அவர் மெஷின்களை எங்களிடமே விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அன்று கூடமே மூக்கைச் சிந்தியது. முறையக்கா மட்டும் அழவில்லை.

"நல்லவர்தான், நான் இல்லேங்கல" என்றாள். "ஆனா நாளைக்கும் நல்லவரா இருப்பாரான்னு நினைச்சுக்கிட்டேதான தினம் படுத்தோம்? இனிமே யார் மூஞ்சியையும் பாத்துப் பொழைக்க வேணாம்."

கதவுக்குப் பக்கத்தில் முதலாளியின் மேசை காலியாகக் கிடந்தது. அதில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தபோது அவள்தான் வழி சொன்னாள். எல்லோரும் உட்காரலாம், மாதம் ஒருவராக, முறை போட்டுக்கொண்டு. மேசையில் இருப்பவர்தான் அந்த மாதம் வேலையைப் பிரித்துக் கொடுப்பார், வாங்க வருபவர்களிடம் பேசுவார், சண்டை வந்தால் தீர்த்துவைப்பார், விடுப்பு கொடுப்பார். மாதம் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இறங்கினால் நேராகத் தன் மெஷினுக்கும் போக முடியாது. ஒரு வாரம் தரையில் பாயில் உட்கார்ந்து, தைத்த துணியில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்ட வேண்டும். கூடத்தில் அதைவிட மட்டமான வேலை கிடையாது. கழுத்து பிடித்துக்கொள்ளும், மடியெல்லாம் நூல் ஒட்டும், போகிறவன் வருகிறவன் காலெல்லாம் முகத்துக்கு நேராகப் போகும். இந்த ஏற்பாட்டினால்தான் அவளுக்கு முறையக்கா என்று பெயர் வந்தது. அவள் யாரையும் முறைத்தபடியே பார்ப்பதால்தான் அந்தப் பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் பொய்யில்லை.

என் முதல் முறையில் எனக்கே கொம்பு முளைத்தது. மேசையில் உட்கார்ந்த இரண்டாம் நாளே என் குரல் கனத்துவிட்டது. எழுந்து போய்ச் சொல்லவேண்டியதை உட்கார்ந்தபடி விரலைச் சொடுக்கிச் சொன்னேன். மாதம் முடிந்து பாயில் உட்கார்ந்ததும் என் சொடுக்குக்கு ஆளானவர்களெல்லாம் வேண்டுமென்றே என்னைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அடுத்த முறையில் நான் ரொம்ப மரியாதையான ஆளாகிவிட்டேன்.

பொதுவான விஷயத்தை முடிவு செய்ய பட்டன் ஓட்டு வைத்திருந்தோம். நான் ஆளுக்கு ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் கொடுப்பேன். அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் இரண்டு டப்பாக்கள் இருக்கும். மனதில் இருப்பதை வட்ட டப்பாவில் போட்டுவிட்டு, மிச்சமானதை நீள டப்பாவில் போட்டுவிட்டு வரவேண்டும். யார் எதைப் போட்டார்கள் என்று சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. கேட்டவருக்கு அன்று முழுக்கப் பாய்தான். புருஷன் பெண்டாட்டியிடம் கேட்டாலும் அதே கதிதான் என்று முறையக்கா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். "எதுக்கு சிரிக்கிறீங்க? பயம் இல்லாம போடணும்னா கேக்கற ஆளே இருக்கக் கூடாது" என்றாள்.

இப்படியே பல வருடம் ஓடியது. ஓகோவென்று ஓடியதாகச் சொல்ல மாட்டேன். சிலருக்கு மேசையில் உட்காருவதென்றால் தூக்குமேடைக்குப் போவது மாதிரி. அதில் முதல் ஆள் எங்கள் மாமா. மனிதர் தங்கமான சுபாவம், இஸ்திரிப் பெட்டியைக்கூடச் சத்தம் வராமல் வைப்பார், ஆனால் புது ஆள் எதிரே வந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் முறை நெருங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறுவார். இந்த ஒரு தடவை வேறு யாராவது உட்காரட்டுமே என்று ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். முறையக்கா விடவில்லை. எல்லோருக்கும் உள்ளது அவருக்கும் உண்டு, பெண்டாட்டி தயவில் அவர் தப்பித்தார் என்ற பேச்சு வரக் கூடாது என்றாள். அந்த இடத்தில் அவள் கொஞ்சம் கல்நெஞ்சக்காரிதான்.

அப்படி மாமா உட்கார்ந்த ஒரு மாதத்தில்தான் விவகாரம் வெடித்தது. ஆஸ்பத்திரிக்குத் துணி வாங்குகிற அதிகாரி வந்து கோட்டுகளை எப்போது தருவீர்கள் என்று கேட்டு, அவரே ஒரு தேதியும் சொன்னார். நாங்கள் ராப்பகலாகத் தைத்தாலும் முடியாத தேதி. முடியாது என்ற ஒரு வார்த்தை மாமாவின் வாயிலிருந்து வரவில்லை. தலையை ஆட்டிவிட்டார். தேதி வந்தது, கோட்டு பாதிகூட முடியவில்லை. அதிகாரி மூச்சு வாங்கப் படியேறி வந்து கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். மாசத்துக்கு ஒரு மூஞ்சி, நான் யாரிடம்தான் பேசித் தொலைப்பது என்று கேட்டார். மாமா மேசையை விட்டு எழுந்து இஸ்திரிப் பக்கம் போய், பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மாஸ்டர் எழுந்து வந்தார். துணி வெட்டுபவர், கூடத்திலேயே கெட்டிக்காரர், பேச்சில் வெண்ணெய். அதிகாரிக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், தப்பு எங்களுடையது என்றார், ஒரு புதுத் தேதி சொன்னார். கத்திக்கொண்டு வந்த மனிதர் கைகொடுத்துவிட்டு இறங்கிப் போனார். எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது. இவரே எப்போதும் அங்கே உட்கார்ந்தால் என்ன?

யார் முதலில் வாய் திறந்தார்கள் என்று நினைவில்லை. பாக்கெட் தைப்பவராக இருக்கலாம். மாஸ்டர் தனக்கு ஆசையில்லை என்றார், எல்லோரும் சொன்னால் மறுக்கப் போவதில்லை என்றும் சொன்னார். அவர் நடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். முறையக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"மாஸ்டர் நம்ம எல்லாரையும் விட நல்லா செய்வாரு. அதுல சந்தேகமே இல்ல. அதான் எனக்கு பயமே. மோசமா செய்யறவங்கள மாசக் கடைசியில இறக்கிடலாம். நல்லவர என்ன சொல்லி இறக்குவீங்க? அந்த மேசையில உக்காறது யாருக்கும் சுகமில்ல, எனக்கும் தெரியும். சுகமில்லாததாலதான் பங்கு போட்டுக்கிட்டோம். ஒருத்தர் தலையில கட்டிட்டு நாம நிம்மதியா தைக்கலாம்னு பாத்தா, நாளைக்கு நம்மளப் பத்தி முடிவு பண்றப்ப நாம அங்க இருக்க மாட்டோம்."

"எனக்கு தைக்கத்தான்கா தெரியும்" என்றார் பாக்கெட் தைப்பவர். "என்ன விட்டுடு."

அவர் குரலில் வம்பு இல்லை, களைப்புதான் இருந்தது. அந்தக் களைப்பு கூடம் முழுக்க இருந்ததை நான் பார்த்தேன். யாரும் எங்களிடமிருந்து எதையும் பறிக்க வரவில்லை. பறிக்க வந்திருந்தால் நாங்கள் நன்றாகச் சண்டை போட்டிருப்போம். இறக்கி வைக்க இடம் கிடைத்ததும் அவரவர் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓட்டு மறுநாள் என்று முடிவாயிற்று. வெள்ளை போட்டால் முறை தொடரும், கறுப்பு போட்டால் மாஸ்டருக்கே மேசை.

அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் படியிறங்கினோம். நல்ல குளிர். மாமா கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். குளிர் மாதங்களில் மட்டும் வெளியே வருகிற கோட்டு அது. முறையக்கா விறுவிறுவென்று முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் கதவைத் தாண்டும்போது மாமா அவளை எட்டிப் பிடித்தார்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? யார் எப்படிப் போட்டா என்ன, நான் வெள்ளதான் போடுவேன். உன்ன விட்டுட்டு நான் எங்க போகப் போறேன்?"

அவள் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார். எனக்கு ஆறாதது இதுதான். அவள் திரும்பி முறைத்தாள். "சொல்லாதீங்க. சொல்லவும் கூடாது, கேக்கவும் கூடாது" என்றாள். நான் எங்கே பஞ்சாயத்து வைத்துவிடுவேனோ என்பது போல என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் மிச்சப் படிகளை அவர் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். அவர்கள் அப்படி நடந்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மறுநாள் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள். மாமா கோட்டுப் பையில் கையை விட்டபடி வெளியே வந்தார். எல்லோரும் முடித்த பிறகு நான் வட்ட டப்பாவை வெட்டுமேசையில் விரித்த துணிமேல் கவிழ்த்தேன். கறுப்பு, கறுப்பு, எங்கு பார்த்தாலும் கறுப்பு. அதற்கு நடுவில் இரண்டே இரண்டு வெள்ளை.

அந்த இரண்டில் ஒன்று அவளுடையது. இன்னொன்று நான் போட்டது.

கணக்கு எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முறையக்காவைப் பார்த்தேன். தோற்றுப்போனவள் முகம் மாதிரியே இல்லை. கண் கலங்கியிருந்தது, ஆனாலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. ஊரே அந்தப் பக்கம் போனாலும் என் மனுஷன் என் பக்கம் நின்றார் என்கிற சிரிப்பு. நான் என்ன செய்ய முடியும்? அது உன் புருஷன் போட்டதில்லை, நான் போட்டது என்று சொல்வதா? சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டதே அவள்தான்.

பிறகு நீள டப்பாவைச் சரிபார்த்தபோது அதில் ஒரு வெள்ளை குறைந்தது. மேசைக்கு அடியில், திரைக்குப் பின்னால், எங்கும் தேடினேன். உருண்டு எங்காவது போயிருக்கும் என்று முறையக்காவிடமும் சொன்னேன். அவளும் என்னோடு சேர்ந்து குனிந்து தேடினாள்.

அடுத்த நாள் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், வீட்டில் மாமாவிடம் எதுவும் கேட்கவில்லையாம். இரண்டு வெள்ளை விழுந்ததே போதும் எனக்கு என்று மட்டும் சொன்னாளாம். அவர் சிரித்தாராம்.

அதன் பிறகு மாஸ்டர் கெட்டவராகிவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். வேலை ஒழுங்காக நடந்தது. அதிகாரிகள் சந்தோஷமாக வந்து போனார்கள். என் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனபோது கேட்டதற்கு மேலேயே விடுப்பு கொடுத்தார். நான் அவர் முன்னால் நின்று, "உங்க மனசு யாருக்கு வரும் மாஸ்டர்" என்றேன். சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முன்பெல்லாம் விடுப்பு கேட்டு வாங்கிவிட்டுப் போவோம், யார் மனதையும் புகழ்ந்ததில்லை. இப்போது அது அவர் மனதைப் பொறுத்த விஷயமாகிவிட்டது.

மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வந்தது. காலையில் அவர் நுழையும்போது தலைகள் நிமிர ஆரம்பித்தன. அவர் செருமினால் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். எதைக் கேட்டாலும் மாஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்ற பதில் வந்தது. பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, பிசிறு வெட்டுவதற்கென்றே புதிதாக ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்து, அவளுக்கு ஒரு முக்காலி கொடுத்தார்கள். ஒரு நாள் முறையக்கா வந்து பார்த்தால் ஜன்னலோர மெஷினில் மாஸ்டரின் கொழுந்தியா உட்கார்ந்திருந்தாள். புதுசு, கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும் என்றார் மாஸ்டர், ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார். முறையக்கா, இதை யார் முடிவு பண்ணியது என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மாமாவின் பெட்டியும் துணிமேல் போய் வந்துகொண்டிருந்தது.

அவள் தன் கத்திரியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு இருட்டு மூலைக்குப் போனாள். அன்று மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள். "ஆனா வீட்டுக்குப் போனா எனக்கு ஒரு ஆள் இருக்காரு. அது போதும்."

எதிர் வரிசையில் அந்த ஒரு ஆள் மாஸ்டர் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் கறுப்பு போட்டார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மேசையில் இனி ஒரு நாள்கூட உட்காராமல் இருக்க அவர் எதையும் கொடுத்திருப்பார். பாவம்தான். பயந்தவரை மன்னிக்கலாம். ஆனால் முந்தின நாள் படியில் வலிய வந்து அப்படி ஒரு வார்த்தை கொடுத்தாரே, அதற்கு எனக்கு இன்றுவரை மன்னிக்க மனசு வரவில்லை.

மறுபடி குளிர் வந்தது. ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் வழக்கம்போலச் சேர்ந்து வந்தார்கள். அத்தனை குளிரிலும் மாமா வெறும் சட்டையோடு வந்திருந்தார். நேராகத் தன் மேசைக்குப் போய்விட்டார். முறையக்கா என்னிடம் வந்து, என் முன்னால் ஒரு வெள்ளை பட்டனை வைத்தாள்.

"கோட்ட வெயில்ல போடலாம்னு எடுத்து பைய உதறினேன். உள்ள இது இருந்துது. உன் டப்பாவுல ஒண்ணு குறையுதுன்னு சொன்னியே."

நான் அதைக் கையில் எடுத்தேன். நூலே ஏறாத புது பட்டன். வட்ட டப்பாவில் கறுப்பைப் போட்டுவிட்டு, மிச்சமான வெள்ளையை நீள டப்பாவில் போட மறந்து, பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். ஏமாற்றுவதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை. பட்டனை டப்பாவில் போட்டேன். டப்பா தகரம், சத்தம் கேட்டது. இஸ்திரி மேசைப் பக்கம் பெட்டி ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி நகர்ந்தது.

அவள் போகவில்லை. அவள் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதை நான் கண்ணால் பார்த்தேன். வெள்ளை இரண்டு விழுந்தது. ஒன்று தன்னுடையது. அப்படியானால் இன்னொன்று? தலையைத் திருப்பி ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வருடமாகத் தன்னோடு நின்ற ஆள் இதில் யார் என்று தேடினாள். ஒருவரும் நிமிரவில்லை. கடைசியில் பார்வை என்னிடம் வந்து நின்றது.

"அப்ப அந்த இன்னொரு வெள்ளைய போட்டது யா—"

அவ்வளவுதான். தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த நிமிடம் கொஞ்சமாவது ஆறியிருக்கும். ஆனால் புருஷன், கூடம், ஜன்னல் எல்லாம் கைவிட்டுப் போன பிறகு அவளிடம் மிச்சமிருந்தது அந்தச் சட்டம் ஒன்றுதான். அதையும் என் வாயால் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் என் கண்ணைப் பார்த்தாள். புரிந்துகொண்டாளா என்று தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

என் மேசையிலிருந்த சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டாள். மூலைக்குப் போய்ச் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து, தூசியைத் தட்டி, கூடத்தின் நடுவில் விரித்து உட்கார்ந்தாள். தைத்துப் போட்டிருந்த கோட்டு ஒன்றை மடியில் இழுத்துப் போட்டுப் பிசிறு வெட்ட ஆரம்பித்தாள். முக்காலியில் இருந்த அந்தப் புதிய பெண் பதறிப்போய், மாஸ்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

"இல்லம்மா. கேக்கக் கூடாததக் கேட்டுட்டேன்" என்றாள் முறையக்கா.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டன் ஓட்டு என்று ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது. மாஸ்டர் வந்து, என்னக்கா இது, எழுந்திருங்க, நல்லாவா இருக்கு என்று தன்மையாகத்தான் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு முழு நாள் என்றால் முழு நாள்.

வெட்டி முடித்த கோட்டுகளை அவள் மடித்து அடுக்கிக்கொண்டே வந்தாள். அவை வழக்கம்போல இஸ்திரி மேசைக்குப் போயின. மாமா ஒவ்வொன்றாக எடுத்து விரித்துத் தேய்த்தார். சாயங்காலம் விளக்கை அணைக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. அவளும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.